பிராங்க்ளினின் கணக்குப் புத்தகம்

நல்லெண்ணத்துக்கு உலகத்தில் ஒருகாலும் பஞ்சம் உண்டானதில்லை. நமது தமிழ்நாட்டில் அது சற்று அதிகமாகவே விளைகிறது என்றுகூடச் சொல்லலாம். ஊருக்கு ஒரு வாசகசாலை வேண்டுமென்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் பேசினால் கைகொட்டாதவர் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். காரியக் கமிட்டியும் அன்றே நியமனமாகும். ஆறு மாதம் கழித்து அந்த வாசகசாலை எங்கே என்று விசாரித்தால், தலைவர் காரியதரிசியையும் காரியதரிசி பொக்கிஷதாரரையும் சுட்டிக் காட்டுவர். இவர்களுள் ஒருவரும் பொய்யர் அல்லர். கைகொட்டிய நேரத்தில் மெய்யாகவே மனம் உருகிக் கொட்டியவர்களே. அப்படியிருக்க, அந்த எண்ணம் கைக்கும் காலுக்கும் வந்து சேராமல் நடுவழியில் எங்கே தங்கிப்போயிற்று? இக்கேள்வியை எழுபது ஆண்டுகளுக்குக் குறையாமல் தம்மிடத்திலேயே பரீட்சித்துப் பார்த்த ஒருவருடைய சரித்திரத்தை இன்று நமது நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் அச்சுக்கோத்துப் பிழைத்தவர்; பத்திராதிபர்; பின்னர் ஒரு தேசத்தை உண்டாக்கியவர்களுள் ஒருவர். பெஞ்சமின் பிராங்க்ளின் என்பது அவர் பெயர்.

இவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படியாதவர் சிலரே இருப்பர். மழைமேகத்தினிடையே பட்டம் விட்டு, மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டியவர். கட்டடங்களின் உச்சியில் இடிதாங்கியை நிறுத்தும்படி செய்தவர். 1776-ஆம் ஆண்டுச் சுதந்தரப் பிரகடனத்திலும், 1783-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையிலும், 1787-ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சட்டத்திலும் கையொப்பமிட்டவர். இப்பெருமைகளை விரித்துரைக்க வேறு புத்தகங்கள் அநேகம் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இவற்றைவிடச் சிறிது. சட்டைப்பையில் அடங்கும் ஒரு புத்தகத்தைப் பற்றியது.

1706-ஆம் ஆண்டு ஜனவரி 17ந் தேதி பாஸ்டன் நகரத்தில், மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்கும் ஒருவருக்குப் பதினைந்தாவது குழந்தையாகப் பிராங்க்ளின் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்தது இரண்டே வருஷம். பன்னிரண்டாவது வயதில் தமையன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகும்படி ஒப்பந்தம் எழுதி விடப்பட்டார். பதினாறு வயதளவில் புலால் உணவைக் கண்டிக்கும் ஒரு புத்தகம் கைக்கு வர, உடனே மாம்சத்தை விட்டார். தம் சாப்பாட்டுக்காகத் தமையன் செலவிடும் பணத்தில் பாதியைக் கையில் கொடுத்தால் தாமே சமைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கி, அதிலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகம் வாங்கினார். நமது ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பூர்வஜன்ம வாசனை என்று பெரியவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்.

அந்த விரதம் முடிந்த கதை வேடிக்கையானது. 1723-இல் தமையனோடு பிணங்கிக்கொண்டு பாஸ்டனை விட்டு ஓடினார். வழியில் காற்றில்லாமல் கப்பல் ஒரு தீவருகே நின்றுவிட்டது. கூட இருந்தவர்கள் காட் என்னும் மீனை ஏராளமாகப் பிடித்துப் பொரித்தார்கள். பிராங்க்ளினுக்கோ முன்னாளில் மீன் என்றால் உயிர். சட்டியிலிருந்து எழுந்த வாசனைக்கும் கொண்ட கொள்கைக்கும் நடுவே சிறிது நேரம் தத்தளித்தார். மீனை அறுத்தபோது அதன் வயிற்றில் சிறு மீன்கள் கிடந்தது நினைவுக்கு வந்தது. நீங்கள் ஒருவரையொருவர் தின்னும்போது நான் உங்களைத் தின்னலாகாதோ என்று நியாயம் பேசிக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார். முதிய வயதில் இதை எழுதும்போது, செய்ய ஆசைப்பட்ட எதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளப் பகுத்தறிவு எவ்வளவு சௌகரியமாயிருக்கிறது என்று தம்மைத் தாமே பரிகாசம் செய்துகொள்கிறார். எண்ணம் தோற்கும் இடத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டியவர்கள் அருமை. பசி அவரைத் தோற்கடிக்கவில்லை. பசிக்கு வக்காலத்து நாமா கொடுத்த புத்திதான் தோற்கடித்தது. நியாயஸ்தலங்களில் பழகிய எமக்கு இந்த வக்கீலை நன்றாகத் தெரியும். எந்தக் கட்சிக்காரருக்கும் அவர் இல்லையென்று சொல்வதில்லை.

பிலடெல்பியா நகரத்துக்கு வந்து சேர்ந்த வாலிபன் பின்னும் பல தவறுகள் செய்தான். வெர்னன் என்பவருக்காக வசூல் செய்த 35 பவுனில் கைவைத்து, குடிகாரனாய்ப் போன ஒரு சிநேகிதனுக்குச் செலவிட்டான். டெபோரா ரீட் என்னும் பெண்ணுக்கு விவாக வாக்குக் கொடுத்துவிட்டு, 1724-இல் லண்டன் சென்று, அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் எழுதினான். அவள் நம்பிக்கையிழந்து வேறொருவனை மணந்து துன்பப்பட்டாள். பிராங்க்ளின் பின்னாளில் இவற்றையெல்லாம் பாவம் என்று சொல்லி அழவில்லை. அச்சுத் தொழிலாளி ஆகையால் அச்சுப்பிழைகள் என்று பெயரிட்டார். பிழைதிருத்தப் பட்டியலில் சேர்த்து அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்பது அவர் கருத்து. வெர்னனுக்குப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். டெபோராவை அவளுடைய கணவன் விட்டு ஓடிய பிறகு, 1730-இல் தமக்கு மனைவியாக ஏற்றார். தமையன் இறந்தபின் அவர் மகனுக்குத் தொழில் கற்பித்து, புது எழுத்துக்களும் கொடுத்து உதவினார்.

1726-இல் லண்டனிலிருந்து திரும்பும்போது கப்பலிலேயே இனி நடக்கவேண்டிய முறைகளை எழுதி வைத்தார். கடன் தீரும்வரை சிக்கனம், உண்மை பேசுதல், உழைப்பு, பிறரைத் தூற்றாமை. இருபது வயது வாலிபர்கள் இப்படி எழுதுவது புதுமையன்று. வருஷப் பிறப்புதோறும் எழுதப்படும் சங்கற்பங்களைக் கோத்தால் நமது கடற்கரைக்கு ஒரு வேலி போடலாம். பிராங்க்ளின் சில ஆண்டுகளில் கண்டுகொண்டது என்னவென்றால், எழுதிவைத்ததனால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்பதே. ஒரு குற்றத்தைத் தடுக்கக் காவல் காத்துக்கொண்டிருக்கும்போது வேறொன்று பின்புற வாசலால் நுழைந்துவிடுகிறது. மனம் விழித்திராத சமயம் பார்த்து வழக்கம் வேலை செய்கிறது. நல்லவனாயிருப்பது நமக்கு நன்மை என்று அறிவினால் ஒப்புக்கொள்வது போதாது. எதிரான பழக்கங்களை உடைத்து, நல்ல பழக்கங்களை ஒவ்வொன்றாக நிலைநாட்டவேண்டும் என்று முடிவு செய்தார்.

ஏறக்குறைய 1730-ஐ அடுத்து அந்தச் சிறு புத்தகம் பிறந்தது. மிதமான உணவு, வீண்பேச்சின்மை, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நீதி, அளவோடிருத்தல், சுத்தம், மன அமைதி, கற்பு, பணிவு என்று பதின்மூன்று குணங்கள். முதலில் பன்னிரண்டே இருந்தன. குவேக்கர் மதத்தைச் சேர்ந்த ஒரு நண்பர், உம்மை ஊரார் அகங்காரி என்கிறார்கள் என்று உதாரணங்களோடு எடுத்துரைத்த பிறகு பதின்மூன்றாவது சேர்ந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பக்கம். குறுக்கே வாரத்தின் ஏழு நாட்கள். நெடுக்கே பதின்மூன்று குணங்களின் முதலெழுத்துக்கள். ஒவ்வொரு இரவும் அன்றைய நடத்தையை ஆராய்ந்து, தவறிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

இம்முறையில் நாம் வியப்பது பட்டியலையன்று. நீதிநூல்களைப் பால்குடி மறவாத வயதிலேயே மனப்பாடம் செய்யும் நமக்கு, பதின்மூன்று குணங்களைக் கேட்டுப் புதிதாய் அறிய என்ன இருக்கிறது? வாரத்துக்கு ஒரே குணத்தில் மட்டும் முழுக் கவனமும் செலுத்தினார் என்பதே விசேஷம். மற்றப் பன்னிரண்டையும் அவற்றின் சாதாரண கதிக்கு விட்டு, புள்ளிகளை மட்டும் குறித்துவந்தார். தோட்டக்காரன் ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் களை பிடுங்கப் புகாமல், ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போவதைப்போல என்று தாமே ஒப்புமை சொல்கிறார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு நான்கு சுற்று. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் காகிதம் ஓட்டையாய்ப் போனபடியால், யானைத் தந்தத் தகடுகளில் சிவப்பு மையால் அழியாத கோடுகள் இழுத்து, பென்ஸிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொண்டார். தம்மிடம் இவ்வளவு குற்றங்கள் இருக்குமென்று தாம் நினைக்கவேயில்லை என்று வியந்தார்; அவை குறைந்துவருவதைக் கண்டு திருப்தியும் அடைந்தார்.

எல்லாவற்றிலும் ஒழுங்கு என்னும் மூன்றாவது குணமே அவரை மிகவும் வருத்திற்று. காலை ஐந்து மணிக்கு எழுவதுமுதல் இரவு பத்து மணிக்குப் படுப்பதுவரை மணிக்கணக்கு வகுத்து வைத்திருந்தார். வியாபாரிகள் நினைத்த நேரத்தில் வந்து கதவைத் தட்டினார்கள். காகிதங்களை அதனதன் இடத்தில் வைக்கும் வழக்கமோ இளமையில் ஏற்படவில்லை. ஞாபகசக்தி மிகுதியாயிருந்தபடியால் அதன் அவசியமும் தெரியவில்லை. எவ்வளவு முயன்றும் புள்ளி குறையாததால், இக்குணத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தபோது ஒரு கதையைச் சொல்கிறார். ஒருவன் கொல்லனிடம் கோடரி வாங்கி, அதன் விளிம்பைப் போலவே முகம் முழுதும் பளபளக்க வேண்டுமென்றான். சக்கரத்தை நீ சுற்றுவதானால் தேய்த்துத் தருகிறேன் என்றான் கொல்லன். கோடரியின் அகன்ற முகத்தைச் சாணைக்கல்லில் அழுத்தி வைத்தால் சுற்றுவது எளிதா? அடிக்கடி நின்று நின்று பார்த்தவன், கடைசியில் இருக்கிறபடியே போதும், கொடு என்றான். இன்னும் புள்ளிபுள்ளியாகத்தானே இருக்கிறது, சுற்று, பளபளப்பு வந்துவிடும் என்று கொல்லன் சொல்ல, புள்ளியுள்ள கோடரிதான் எனக்குப் பிரியம் என்று எடுத்துக்கொண்டு நடந்தானாம். மனிதர் பலர் இப்படியே தோல்வியைத் தம் விருப்பமாக மாற்றிக்கொள்கிறார்கள் என்பது பிராங்க்ளின் கண்டது. மீன் சட்டியருகே பேசிய அதே வக்கீல் இங்கேயும் ஆஜராகிறார்.

பணிவைப் பற்றி அவர் எழுதியது இன்னும் ரசமானது. அதன் மெய்யைத் தாம் அடையவில்லை, தோற்றத்தை மாத்திரம் அடைந்ததாக ஒப்புக்கொள்கிறார். பிறர் சொல்லை நேருக்கு நேர் மறுப்பதையும், சந்தேகமின்றி, நிச்சயமாக என்ற சொற்களை வழங்குவதையும் நிறுத்தினார். எனக்குத் தோன்றுகிறபடி என்று பேசப் பழகினார். ஆரம்பத்தில் இயல்பை அடக்கிச் செய்தது நாளடைவில் சுலபமாயிற்று. ஐம்பது வருஷமாகத் தம் வாயிலிருந்து பிடிவாதச் சொல் ஒன்றும் வந்ததில்லை என்கிறார். இதைக் கபடம் என்று சிலர் தூற்றியிருக்கின்றனர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளம் திருந்தும்வரை நாவை அடக்காமலிருப்பவன் எதிராளிக்கு என்ன உபகாரம் செய்கிறான்?

புத்தகத்தின் முடிவையும் மறைக்காமல் சொல்வது நமது கடமை. வருஷத்துக்கு நான்கு சுற்றென்பது ஒரு சுற்றாயிற்று. பிறகு பல வருஷத்துக்கு ஒரு சுற்றாயிற்று. கடல் கடந்த பிரயாணங்களிலும் அலுவல்களிலும் அடியோடு நின்றுபோயிற்று. ஆயினும் புத்தகம் மட்டும் எப்போதும் கூடவே இருந்தது. நற்குணத்தைக் கைத்தொழில்போல் கற்பிக்கும் நூலொன்று எழுத உத்தேசித்தார். உத்தேசம் வாழ்நாள் முழுதும் இருந்தது, நூல் எழுதப்படவில்லை.

தம் ஒருவரிடத்தில் கண்ட இந்த உண்மையை ஊரின் காரியங்களுக்கும் அவர் பிரயோகித்தார். இதிலேதான் அவர் தம் காலத்து நீதிபோதகர்களைக் கடந்து நிற்கிறார். 1727-இல் தொழிலாளர்களும் சிறு வியாபாரிகளுமான சில நண்பர்களைக் கூட்டி ஜண்டோ என்றொரு சபை அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடுவார்கள். விவாதத்தில் பிடிவாதமாகப் பேசியவர் சிறு அபராதம் கட்டவேண்டும். சபையினர் தத்தம் புத்தகங்களை ஒரே அறையில் கொண்டுவந்து வைத்தால் எல்லோரும் படிக்கலாமே என்றார் பிராங்க்ளின். எல்லோரும் சம்மதித்தார்கள். பார்ப்பாரில்லாமல் புத்தகங்கள் சீரழிந்தபடியால், ஏறக்குறைய ஒரு வருஷத்தில் அவரவர் புத்தகத்தை அவரவர் எடுத்துச் சென்றார்கள். நாம் தொடக்கத்தில் சொன்ன வாசகசாலையின் கதைதான்.

பிராங்க்ளின் நண்பர்களைக் குறைகூறவில்லை. 1731-இல் வேறு விதமாக ஆரம்பித்தார். முறையான பத்திரம் எழுதி, ஐம்பது பேரைச் சேர்த்து, தலைக்கு முதலில் 40 ஷில்லிங்கும் பிறகு வருஷந்தோறும் 10 ஷில்லிங்கும் செலுத்தும்படி ஒப்பந்தம் செய்தார். சந்தா கேட்கப் போனபோது வேறொரு விஷயமும் கண்டார். யோசனை தம்முடையது என்று சொன்னால் கேட்பவர் முகம் சுளிக்கிறது. அண்டை வீட்டுக்காரனுக்குப் பெருமை உண்டாகக் கைப்பணம் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதுமுதல் சில நண்பர்களுடைய யோசனை இது என்று சொல்லித் தாம் மறைந்துகொண்டார். காரியம் சுலபமாயிற்று. அந்தப் புத்தகசாலை பிலடெல்பியாவில் இன்றும் இருக்கிறது.

1736-இல் தீயணைக்கும் சங்கம் ஏற்பட்டதும் இவ்வாறே. தீப்பற்றினால் ஓடி உதவவேண்டுமென்பது அதற்கு முன்னும் எல்லோருடைய எண்ணமே. பிராங்க்ளினின் சங்கத்தில் முப்பது பேர். ஒவ்வொருவரும் தம் வீட்டில் தோல் வாளிகளையும், சாமான்களை எடுத்துச் செல்லப் பைகளையும் கூடைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்கவேண்டும் என்று கையொப்பமிட்டார்கள். மாதம் ஒருமுறை கூட்டம், வராதவருக்கு அபராதம். அந்த அபராதப் பணத்திலேயே தண்ணீர் இறைக்கும் யந்திரமும் ஏணியும் கொக்கியும் வாங்கினார்கள். ஆகவே, தவறியவர்களுடைய தவறும் சங்கத்துக்கு வரவாயிற்று. தெருப்புழுதிக்கும் ஒரு வழி செய்தார். கடைவீதியில் வாரம் இருமுறை பெருக்க ஓர் ஏழைத் தொழிலாளியைப் பிடித்து, வீட்டுக்கு மாதம் 6 பென்ஸ் என்று பேசி, அதனால் விளையும் நன்மைகளை அச்சிட்டு வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பி, ஓரிரு நாளில் தாமே வீடு வீடாகச் சென்றார். ஒருவர் விடாமல் கையெழுத்திட்டனர்.

எல்லாவற்றிலும் சாமர்த்தியமானது ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டியது. தாமஸ் பாண்ட் என்னும் வைத்தியர் ஏழை நோயாளிகளுக்காக அதைத் தொடங்க விரும்பினார், சந்தா ஊறவில்லை. சட்டசபையின் நாட்டுப்புற அங்கத்தினர்கள், இது நகரத்தாருக்கு மட்டும் பயன்படும், நகரத்தாரே கொடுக்கட்டும், அவர்களும் அவ்வளவு கொடுக்கமாட்டார்கள் என்றார்கள். 1751-இல் பிராங்க்ளின் ஒரு மசோதா எழுதினார்: பொதுஜனங்கள் 2,000 பவுன் சேர்த்தால் மாத்திரம் சட்டசபை 2,000 பவுன் கொடுக்கும். அவ்வளவு சேராது என்று நம்பிய எதிர்க்கட்சியார், செலவில்லாமல் தர்மவான் என்ற பெயர் கிடைக்கிறதே என்று சம்மதித்தார்கள். ஜனங்களிடம் போய், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுனும் இரண்டாகிறது என்றார். பணம் குறித்த தொகைக்கு மேலே சேர்ந்தது, ஆஸ்பத்திரி எழுந்தது, அதுவும் இன்றளவும் நடக்கிறது. தந்திரம் செய்ததற்காகத் தம் மனம் இவ்வளவு குறைவாக வருந்திய சமயம் வேறில்லை என்கிறார். நாமும் வருந்தக் காரணம் காணவில்லை.

மற்றொரு தந்திரத்தை, மதுவிலக்கில் பற்றுடைய நாம் மெச்சுவதற்கில்லை. எனினும் சொல்லாமல் விடவும் மனமில்லை. 1756-இல் எல்லைப்புறத்தில் ஒரு படைக்குத் தலைவராகப் போயிருந்தார். சிப்பாய்கள் ஜபத்துக்கு வருவதில்லை என்று படையின் பாதிரியார் பீட்டி முறையிட்டார். சிப்பாய்களுக்குத் தினந்தோறும் கொடுக்கும் ரம் என்னும் சாராயத்தை ஜபம் முடிந்தவுடன் தாங்களே பங்கிட்டுக் கொடுக்கலாமே என்றார் பிராங்க்ளின். அன்றுமுதல் ஜபத்துக்கு ஒருவரும் தவறவில்லை, நேரந்தவறியும் வரவில்லை. நமது தேசத்தில் இதே நோக்கத்தை மேலான வழியில் சாதிக்க முயன்றவர் மகாத்மா காந்தி. கதரைப் போற்றிப் பேசுவோர் பெருகி நூற்போர் குறைந்திருந்த காலத்தில், 1924-ஆம் ஆண்டு பெல்காம் காங்கிரஸில், அங்கத்தினர் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்கவேண்டுமென்று விதியாயிற்று. மறு வருஷமே அவ்விதி தளர்த்தப்பட்டது. அத்தனை பெரிய சபையில் புள்ளியுள்ள கோடரி பிரியமானவர் பலர் இருந்தனர் போலும்.

இனி, கணக்கு வைக்கப்படாத பக்கங்களுக்கு வருகிறோம். வாக்குத் தவறியதற்குப் பரிகாரமாக மணந்த டெபோராவை, 1764-இல் பிராங்க்ளின் ராஜீய காரியமாக இரண்டாம் முறை லண்டன் சென்றபோது விட்டுப் பிரிந்தார். அவளுக்கோ கடல் என்றால் பயம். திரும்பி வருகிறேன் என்று வருஷந்தோறும் எழுதினார். இடையே அவள் வாதநோயால் தாக்குண்டாள். 1774-ஆம் வருஷம் டிசம்பரில், பத்து ஆண்டுகளாகக் கணவன் முகம் காணாமலே இறந்தாள். வரவேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். தீயணைக்கும் சங்கத்தில் ஒரு மாதக் கூட்டத்துக்கு வராதவருக்கு அபராதம் உண்டு; இதற்கு ஒருவரும் அபராதம் விதிக்கவில்லை. மகன் வில்லியம் ஆங்கில அரசரின் கட்சியில் நின்றதனால் விரோதியானான். 1784-இல் அவனே சமாதானம் வேண்டி எழுதினான். மறு வருஷம் ஸௌதாம்ப்டனில் சந்தித்தார்கள். அங்கே நில விற்பனைப் பத்திரங்கள் முடிந்தன, மனஸ்தாபம் முடியவில்லை. நாவினால் யாரையும் மறுக்காத மனிதர் மகனை மன்னிக்கவில்லை.

இவற்றினும் பெரியது அடிமை விஷயம். பதின்மூன்று குணங்களில் நீதி எட்டாவது. அதற்கு அவர் கொடுத்த விளக்கம், ஒருவருக்கும் தீங்கு செய்யாதிருத்தலும், கடமையாகச் செய்யவேண்டிய நன்மையைச் செய்யாமல் விடாதிருத்தலும் என்பது. அந்தப் பக்கத்தில் இரவுதோறும் புள்ளி ஆராய்ந்த காலத்திலேயே, அவருடைய பத்திரிகையில் அடிமைகள் விற்பனைக்கு என்றும், ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதி என்றும் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. அதே அச்சுக்கூடத்தில் அடிமைத்தனத்தைக் கண்டிக்கும் குவேக்கர்களின் நூல்களும் அச்சாயின. 1730-களுக்குப் பிறகு அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். 1757-இல் லண்டன் சென்றபோது பீட்டர், கிங் என்ற இருவரை உடன் கொண்டுபோனார்கள். கிங் அங்கே ஓடிப்போனான். நாட்டுப்புறத்தில் ஒரு பெண்மணி அவனுக்கு எழுதப் படிக்கவும் பிடில் வாசிக்கவும் கற்பித்து வந்தாள் என்று பிராங்க்ளின் தம் மனைவிக்கு எழுதினார். தாம் இறந்தபின் பீட்டருக்கு விடுதலை என்று 1757-ஆம் ஆண்டு உயிலில் எழுதினார். எண்ணம் நல்லதே; தவணைதான் சற்று நீண்டது.

மனம் மாறிக்கொண்டே வந்தது என்பதற்கும் சாட்சியம் உண்டு. 1763-இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கூடமொன்றைப் பார்த்து, அவர்களுடைய அறிவு வெள்ளைக் குழந்தைகளின் அறிவுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்று எழுதினார். 1772-இல் லண்டன் பத்திரிகையில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்தார். 1780-இல் அவர் பிரான்ஸில் இருக்கையில், பென்ஸில்வேனியா சட்டசபை படிப்படியாக அடிமைத்தனத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1787-இல் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சங்கத்துக்குத் தலைவரானார். அதே வருஷம் அரசியல் நிர்ணய சபைக்கு அச்சங்கம் தயாரித்த விண்ணப்பத்தை, ஒற்றுமை குலையுமென்று அஞ்சிப் போலும், முன்வைக்காமல் விட்டார். ஐம்பது ஆண்டு நீண்ட இந்தத் தாமதத்தைச் சிலர் அக்காலத்து வழக்கம் என்று சமாதானம் சொல்லுவர். அவருடைய நூல்களை அச்சிடக் கொடுத்த குவேக்கர்களும் அக்காலத்தவர்களே என்பதை நாம் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

எண்பத்து மூன்று வயதில், கல்லடைப்பு நோயால் பெரும்பாலும் படுக்கையில் கிடந்தபோது, பழைய பிராங்க்ளின் மறுபடி விழித்தார். 1789-இல் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் நிலையைச் சீர்படுத்த ஒரு திட்டம் வெளியாயிற்று. அதில் பிரசங்கம் குறைவு. இருபத்து நான்கு பேர் கொண்ட கமிட்டி, அதனுள் நான்கு உட்பிரிவுகள், ஒன்று அவர்கள் நடத்தையையும் உரிமையையும் கவனிக்க, ஒன்று குழந்தைகளைத் தொழில் பழக விட, ஒன்று பள்ளிக்கூடம் நடத்த, ஒன்று வேலை தேடித் தர. 1790 பிப்ரவரி 3ந் தேதி, அடிமைத்தனத்தை நீக்கும்படி ஐக்கிய நாடுகளின் காங்கிரஸுக்கு ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். தெற்கத்திய அங்கத்தினர்கள் கொதித்தெழுந்தார்கள். தங்களுக்கு இதில் தலையிட அதிகாரமில்லை என்று அச்சபை மார்ச்சு மாதம் முடிவு செய்தது. அடிமைத்தனத்துக்காக வாதாடிய ஜார்ஜியா அங்கத்தினரின் பேச்சை, கிறிஸ்தவர்களை அடிமையாக வைத்திருக்கும் ஓர் அல்ஜியர்ஸ் பிரபுவின் வாயில் அப்படியே வைத்துப் பரிகசித்து, பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய அவர் கடைசியாக எழுதியது அதுவே. ஏப்ரல் 17ந் தேதி காலமானார்.

1788-இல் அவர் எழுதிய கடைசி உயிலில் மகன் வில்லியமுக்கு மிகச் சொற்பமே இருந்தது. மருமகன் ரிச்சர்ட் பேச்சுக்கு நிலங்களை வைத்தார். பேச் தமக்கு எழுதிக் கொடுத்திருந்த 2,172 பவுன் 5 ஷில்லிங் கடன்பத்திரத்தையும் வட்டியோடு ரத்து செய்தார். அதற்குப் பிரதியாக, தாம் இறந்தவுடனே, பாப் என்னும் அடிமையைப் பேச் விடுதலை செய்யவேண்டுமென்று எழுதினார். பாப் விடுதலையானான்.